கூரைமேல் இரண்டு கயாக்: எதில் வைப்பது, எதால் கட்டுவது

டொராண்டோவிலிருந்து வடக்கே போகும் 400 ஆம் எண் நெடுஞ்சாலையில், பாரி நகரம் வருவதற்குச் சற்று முன்பு, தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் வண்டு ரீங்கரிப்பது போல. பிறகு டக் டக்கென்று. என் மனைவி பாட்டை நிறுத்திவிட்டு, “மேலே ஏதோ ஆடுகிறது, ஓரம் கட்டுங்கள்” என்றார். அடுத்த வெளிவழியில் இறங்கி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். கூரைமேல் கட்டியிருந்த கயாக்கை, அதாவது துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகை, பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பட்டைகள் கல்லாக இருந்தன. கயாக், அதை ஏந்தும் தாங்கியை விட்டு ஒரு இம்மிகூட நகரவில்லை. ஆனால் கயாக்கும் தாங்கியும், தாங்கியைப் பூட்டியிருக்கும் கூரையின் குறுக்குக் கம்பியும் சேர்ந்து மொத்தமாக நகர்ந்தன. முன் கம்பியைக் கூரையோடு பிடிக்கும் வலது பக்கக் கவ்வி தளர்ந்திருந்தது. வசந்த காலத்தில் நானே பூட்டிய கவ்விதான். அதன்பின் ஒருமுறைகூட முறுக்குச் சாவி போட்டுப் பார்க்கவில்லை.

எந்தத் தாங்கி வாங்குவது என்று நாங்கள் இரண்டு வாரம் பேசியிருந்தோம். கம்பியைப் பூட்டியது பத்து நிமிட வேலை. அன்றைக்கு அந்தப் பெட்ரோல் நிலையத்தில் நின்றபோதுதான் எங்கள் கவலையை எவ்வளவு தவறான இடத்தில் செலவழித்திருக்கிறோம் என்று புரிந்தது. கயாக் வாங்கப்போகும் நண்பர்கள் இப்போது என்னிடம் “எந்த ரேக் நல்லது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முழுப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கூரையிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து தாங்கி, தாங்கியிலிருந்து படகு, படகிலிருந்து மறுபடி காரின் உடல். இது ஒரு சங்கிலி. கடைக்காரர் விற்பது அதில் ஒரு கண்ணியை மட்டும்தான்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ வட்டாரத்தில், ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ பிக்கரிங்கிலோ இருக்கும் இருவர். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கயாக், பத்து முதல் பன்னிரண்டு அடி நீளம், ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிலோ. ஒரு நடுத்தர எஸ்.யு.வி. அல்லது செடான். வார இறுதிகளில் ரூஜ் ஆற்று முகத்துக்கோ ஃபிரெஞ்ச்மேன்ஸ் பே விரிகுடாவுக்கோ இருபது நிமிடப் பயணம். கோடையில் இரண்டு மூன்று முறை அல்கான்குவின் பூங்காவுக்கோ கில்லார்னிக்கோ நெடும்பயணம். இந்த இரண்டு வகைப் பயணமும் ஒன்றல்ல. இருபது நிமிடத்துக்குப் போதுமானது மூன்று மணி நேரத்துக்குப் போதாது.

முதலில் கூரை. காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடை என்று ஒரு எண் இருக்கும். பல செடான்களுக்கும் சிறிய எஸ்.யு.வி.களுக்கும் அது 75 கிலோவை ஒட்டி இருக்கும். சில கார்களுக்கு 45 கிலோதான். அது ஓடும் காருக்கான கணக்கு. நிற்கும்போது கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும். கூரைமேல் கூடாரம் போட்டு ஆட்கள் படுப்பது அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு நம் கூரையும் தாங்கும் என்று முடிவு கட்டக்கூடாது. இன்னொன்று, அந்த 75 கிலோவுக்குள் கம்பியின் எடையும் தாங்கியின் எடையும் அடக்கம். கம்பி இரண்டும் சேர்த்து 6 கிலோ, இரண்டு ஜோடித் தாங்கிகள் 8 கிலோ, ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு கயாக் 46 கிலோ: மொத்தம் 60. சரியாக இருக்கிறது. அதே காரில் ஆளுக்கு 40 கிலோ எடையுள்ள இரண்டு மீன்பிடிக் கயாக்குகளை ஏற்றினால், படகு மட்டுமே 80. எந்தத் தாங்கி வாங்கினாலும் அந்தக் கணக்கு ஒத்துவராது. கம்பிக்குத் தனியாக ஒரு எல்லை உண்டு, தாங்கிக்குத் தனியாக ஒன்று உண்டு. மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

கம்பி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: காருடன் வந்த மெல்லிய கம்பிகளைவிட, உங்கள் காருக்கென்றே அளவெடுத்த, கூரையைப் பிடிக்கும் பாதங்களுடன் தனியாக வாங்கும் கம்பி மேல். காருடன் வரும் கம்பிகள் பலவற்றில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நிலையானது, நகர்த்த முடியாது. அந்த இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் படகு தலையாட்டாமல் இருக்கும். 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். 75 முதல் 90 வரை கிடைத்தால் நிம்மதி. சுவீடனின் தூலி, அமெரிக்காவின் யாக்கிமா போன்ற நிறுவனங்களின் கம்பிகளில் மேற்புறம் ஒரு நீளப் பள்ளம் ஓடும். தாங்கியின் போல்ட் தலையை அந்தப் பள்ளத்துக்குள் விட்டு முறுக்கினால், கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்வியைவிட அது இறுக்கமாக உட்காரும். பணம் ஒரு இடத்தில்தான் செலவழிக்க முடியும் என்றால் இந்த இடத்தில் செலவழியுங்கள்.

எதற்கு இவ்வளவு கவனம் என்று கேட்டால், காற்றுக்காக. வேகம் இரட்டிப்பானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், நேராக மோதும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 47 கிலோ எடை வைத்தது போல அழுத்தும். எதிர்க்காற்று 40 கிலோமீட்டர் இருந்தால் அந்த அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நீங்கள் வேகத்தைக் கூட்டவே இல்லை, ஆனாலும் கூரைமேல் இருக்கும் படகு மணிக்கு 140 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. கயாக்கின் முன்முனை, நம் கடலோடிகள் அணியம் என்று சொல்லும் பகுதி, மேல்நோக்கி வளைந்தது. தண்ணீரில் அலையேறுவதற்காக அமைந்த அந்த வளைவு நெடுஞ்சாலையில் காற்றேறுகிறது. அதைத் தவிர பெரிய லாரி கடந்து போகும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளல், பாலத்தின்மேல் ஏறியதும் ஒரு தள்ளல்.

இப்போது தாங்கிகளுக்கு வருவோம்.

மிக மலிவானது ஃபோம் கட்டை. கயாக்கின் அடிப்பகுதிக்கு ஏற்றபடி குடைந்த இரண்டு நுரைக் கட்டைகள். கம்பியே இல்லாத கூரையில்கூட வைத்து, பட்டையைக் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்து கட்டலாம். வாடகைக் காருக்கும், வருடத்துக்கு இரண்டு முறை பக்கத்து ஏரிக்குப் போகிறவருக்கும் இது போதும். ஆனால் இங்கே பட்டையும் உராய்வும் தவிர வேறு பிடிமானம் இல்லை. மழை பெய்தால் பட்டை வழியே தண்ணீர் திரிபோல் ஊறிக் காருக்குள் சொட்டும். கூரைத் தகடு அழுந்தும். இதோடு நெடுஞ்சாலை ஏற நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காற்றடைத்து வைக்கும் மெத்தை போன்ற தற்காலிக ரேக்குகளுக்கும் இதே தீர்ப்புதான். கம்பியின்மேல் வைத்த ஃபோம் கட்டை கதை வேறு. அதில் பட்டை கம்பியைச் சுற்றி வருவதால் பிடிமானம் உண்டு. ஒரே ஒரு கயாக், ஒரு மணி நேரத்துக்குள் பயணம் என்றால் அதைத் தாராளமாக ஏற்கலாம்.

அடுத்தது தாங்கியே வாங்காமல் இருப்பது. கம்பியின்மேல் மெத்தை உறையைச் சுற்றி, கயாக்கைக் கவிழ்த்து வைப்பது. பலரும் இதை ஏழை வழி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம். கயாக்கின் மேல்தட்டு விளிம்பு தட்டையாக இருந்தால் அது கம்பியில் நன்றாகப் படுக்கும். முன்முனையின் வளைவு கீழ்நோக்கித் திரும்புவதால் காற்று தூக்குவதற்குப் பதில் அமுக்கும். எல்லாவற்றையும்விட, மழைத் தண்ணீர் சேராது. நிமிர்த்தி வைத்த கயாக்கில் இருக்கைப் பள்ளம் திறந்திருந்தால், கனமழையில் இருபது லிட்டர் சேர்வது பெரிய காரியமில்லை. இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ, அதுவும் ஒவ்வொரு வளைவிலும் பக்கத்துக்குப் பக்கம் ஓடும் இருபது கிலோ. கவிழ்த்து வைப்பதன் குறை, இரண்டு கயாக்குக்கு இடம் போதாது என்பதும், உயரமான இருக்கையும் துடுப்புப் பிடிப்பான்களும் உள்ள மீன்பிடிக் கயாக்குக்குப் பொருந்தாது என்பதும்தான்.

சேணத் தாங்கி என்பது பெயருக்கேற்றபடி குதிரைச் சேணம் போல அடிப்பகுதியை ஏந்துவது. கயாக் இயல்பான நிலையில், தட்டையாக, கூரைக்கு மிக அருகில் படுத்திருக்கும். பக்கக் காற்றுக்கு இதுதான் மிகக் குறைந்த பரப்பைக் காட்டுகிறது. பதினாறு பதினேழு அடி நீளமுள்ள கடல் கயாக்குகளுக்கு, குறிப்பாகக் கண்ணாடியிழையில் செய்தவற்றுக்கு, இதைவிட நல்ல இடம் இல்லை. படகுக்குள் குறுக்குச் சுவர் இருக்கும் இடத்துக்கு அருகே சேணத்தைப் பொருத்தினால் உடல் நசுங்காது. இதில் இன்னொரு பெரிய நன்மை, பின் சேணங்களை வழுக்கும் துணி ஒட்டியோ உருளை வைத்தோ செய்திருப்பார்கள். கயாக்கின் முன்முனையைக் காரின் பின்னாலிருந்து அதில் ஏற்றி வைத்துவிட்டு, பிறகு பின்முனையைத் தூக்கி முன்னே தள்ளலாம். ஒரு நேரத்தில் பாதி எடைதான் கைக்கு வருகிறது. தனியாளாக ஏற்றுகிறவர்களுக்கு இது வரம். பின்கதவின் மேல் விளிம்பில் ரப்பர் அடியுள்ள ஒரு குளியலறை மிதியடியைப் போட்டுக்கொண்டால் வண்ணம் கீறாது.

நியாயமாகப் பார்த்தால் சேணம்தான் வெல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது தோற்றது, ஒரே ஒரு கணக்கால். கம்பியின் நீளம் 127 சென்டிமீட்டர். பொழுதுபோக்குக் கயாக்கின் அகலம் 70 சென்டிமீட்டருக்கு மேல். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்க 140 வேண்டும். கடல் கயாக்காக இருந்தால், அகலம் 55 சென்டிமீட்டர்தான் என்பதால், இரண்டும் அடங்கியிருக்கும். கம்பியை நீளமாக வாங்கினால் என்ன என்று யோசித்தோம். காரின் பக்கத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ஏறி இறங்கும்போது நெற்றியில் இடிக்கும், கம்பியின் ஓரத்தில் எடையும் கூடும். விட்டுவிட்டோம்.

அதனால் ஜே தாங்கி. காரின் முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில ஜே எழுத்துப் போல வளைந்த கை. கயாக் ஒருக்களித்துச் சாய்ந்து படுக்கும். இடம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால் ஒரே கம்பியில் இரண்டு கயாக், நடுவில் ஒரு சைக்கிளுக்குக்கூட இடம் கிடைக்கும். பிளாஸ்டிக் கயாக் தன் அடிவயிற்றைவிட விலாவில்தான் உறுதியானது; ஒருக்களித்து வைப்பதால் அடிப்பகுதி பள்ளம் விழாது. குளிர்காலத்தில் படகு ஏற்றாமல் இருக்கும் காருக்கு, மடக்கி வைக்கக்கூடிய ஜே தாங்கிகள் வசதி.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கக் காற்றுக்கு அது காட்டும் பரப்பு, தட்டையாகப் படுத்த கயாக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஏற்றும்போது முழு எடையையும் பக்கவாட்டில் தோளுயரத்துக்குத் தூக்கி, வெளி விளிம்பைத் தாண்டி வைக்க வேண்டும். என் மனைவிக்கும் எனக்கும் உயர வித்தியாசம் அதிகம். முதல் சில வாரங்களில் அவர் பக்கம் தாழ்ந்து, கயாக் கார்க் கண்ணாடியில் இடித்தது. பிறகு அவருக்கு ஒரு சிறு மடக்கு ஏணிப்படி வாங்கினோம், பிரச்சினை தீர்ந்தது. கம்பிக்குள்ளிருந்து வெளியே இழுக்கும் நீட்டுக் கம்பியும் கிடைக்கிறது. ஒரு முனையை அதில் சாய்த்துவிட்டு மறுமுனையைத் தூக்கலாம்.

மூன்றாவது குறை உயரம். 1.7 மீட்டர் உயரமுள்ள கார், அதன்மேல் கம்பி, அதன்மேல் ஒருக்களித்த கயாக்: 2.4 மீட்டரைத் தாண்டிவிடும். டொராண்டோவின் அடுக்குமாடிக் கட்டிடங்களில் நிலத்தடி வாகன நிறுத்தங்கள் பலவற்றின் நுழைவு உயரம் 2 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஏற்றிய நிலையில் உயரத்தை ஒரு முறை டேப் வைத்து அளந்து, எண்ணை எழுதிக் கண்ணில் படும்படி ஸ்டியரிங் அருகே ஒட்டிவையுங்கள். காரை ஓட்டும்போது தலைக்கு மேலே இருப்பதை மனம் எளிதில் மறந்துவிடும்.

ஸ்டாக்கர் என்பது கம்பியின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. அதன் இருபுறமும் கயாக்குகளை விளிம்பில் நிறுத்திச் சேர்த்துக் கட்டுவார்கள். மூன்று, நான்கு கயாக் ஏற்ற வேண்டிய குடும்பத்துக்கு இதுதான் வழி, அதற்கும் கூரை எடை இடம் கொடுத்தால். இதில் ஏந்துவதற்குக் கை எதுவும் இல்லை. முழு நம்பிக்கையும் பட்டையின்மேல்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

தோள்வலி உள்ளவர்களும் வயதானவர்களும் கேட்பது, இடுப்புயரத்தில் ஏற்றினால் தானே மேலே தூக்கிவிடும் தாங்கி உண்டா என்று. உண்டு. தூலியின் ஹல்லவேட்டர் அப்படிப்பட்டது. தாங்கியின் கைகள் காரின் பக்கவாட்டில் இறங்கி வரும். வாயு நிரப்பிய தண்டுகள் சுமார் 18 கிலோ எடையைத் தாமே சுமந்துகொள்ளும். 23 கிலோ கயாக்கில் உங்கள் கைக்கு வருவது ஐந்து கிலோவை ஒட்டித்தான். அருமையான பொருள். ஆனால் விலை ஜே தாங்கியைப் போலப் பல மடங்கு, அதன் சொந்த எடையும் அதிகம். இரண்டு கயாக்குக்கு இரண்டு வாங்கினால் நம் 75 கிலோக் கணக்கில் கை வைக்கும். தோளறுவை சிகிச்சை செய்துகொண்ட நண்பர் ஒருவர் ஒன்று மட்டும் வாங்கி வைத்திருக்கிறார். அது இல்லையென்றால் ஏரிப்பக்கம் வருவதையே நிறுத்தியிருப்பேன் என்கிறார். அவருக்கு அந்த விலை நியாயமானது. ஐம்பது கிலோ மீன்பிடிக் கயாக் வைத்திருப்பவர்கள் கூரையையே விட்டுவிட்டு ஒரு சிறிய டிரெய்லரைப் பார்ப்பது நல்லது. முழங்கால் உயரத்தில் ஏற்றிவிடலாம், எந்தக் கூரைக் கணக்கும் வேண்டாம். நிறுத்த இடம் உண்டா என்பது மட்டும்தான் கேள்வி.

தாங்கியை முடிவு செய்தாகிவிட்டது. இனிதான் முக்கியமான பகுதி. நெடுஞ்சாலையில் படகைப் பிடித்து வைத்திருப்பது தாங்கி அல்ல, கட்டு.

பட்டையில் இரண்டு வகை. ராட்செட் பட்டை, கைப்பிடியை ஆட்ட ஆட்டப் பல்பல்லாக இறுகும். கேம் பக்கிள் பட்டை, கையால் இழுத்த அளவுக்கு இறுகி, பல் கடித்து நிற்கும். லாரியில் இரும்புச் சாமான் கட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு ராட்செட்தான் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கயாக்குக்கு அது தவறான கருவி. கை வலிமையைப் பல மடங்காக்கிக் கொடுப்பதால், எங்கே நிறுத்துவது என்பது கைக்குத் தெரியாமல் போகிறது. வெயிலில் சூடேறிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உடல் இளகி உள்வாங்கும், அந்த வடிவிலேயே ஆறிவிடும். கண்ணாடியிழைப் படகு விரிசல் விடும். ஓர் ஆள் நின்று, கால் ஊன்றாமல், கை பலத்தால் மட்டும் இழுக்கும் இறுக்கம் போதும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள கேம் பக்கிள் பட்டை, கயாக்குக்கு இரண்டு, ஒவ்வொன்றும் பதினைந்து அடி. ஜே தாங்கிக்குப் பன்னிரண்டு அடி பல நேரம் குறைந்துவிடும். பக்கிளுக்கு அடியில் ரப்பர் மெத்தை உள்ளதாகப் பாருங்கள், மேலே எறியும்போது காரிலும் படாது, தலையிலும் பலமாகப் படாது.

துணி எது என்பதையும் கேட்டு வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும். காலையில் ஸ்கார்பரோவில் இறுக்கியது, அல்கான்குவின் போகும் வழியில் ஹன்ட்ஸ்வில்லில் மழையில் தொய்ந்திருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். இரண்டு மூன்று கோடைக்குப் பிறகு பட்டையின் நிறம் வெளுத்து, தொட்டால் மொறமொறவென்று இருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். வெயில் தின்ற பட்டை முன்னறிவிப்பில்லாமல் அறும்.

கட்டும் பாதையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஜே தாங்கியில் பட்டை நுழைய ஒரு துளை இருக்கும். அதில் மட்டும் நுழைத்துக் கட்டினால், கயாக் தாங்கியோடு கட்டுப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பட்டை கயாக்கின் மேலாக வந்து, துளை வழியே இறங்கி, குறுக்குக் கம்பியையே அடியில் சுற்றி, மறுபடி மேலேற வேண்டும். தாங்கி உடைந்தாலும் படகு கம்பியை விட்டுப் போகாது. பட்டையின் இரண்டு கால்களும் நேராகக் கீழிறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் ஓட்டத்தில் வழுக்கி நேராகும், அதற்குள் தொய்வு வந்துவிடும். காற்றில் வெளியே தெரியும் பட்டையின் நீளத்தில் ஒரே ஒரு முறுக்குக் கொடுங்கள். தட்டையான பட்டை காற்றில் நாணல் போல அதிர்ந்து ரீங்கரிக்கும். முறுக்கு விழுந்தால் காற்று ஒரே சீராக அதைப் பிடித்து ஆட்ட முடியாது. அன்று நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். மிஞ்சிய நுனியைக் கதவில் நசுக்காமல், கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிடுங்கள்.

முன்முனையையும் பின்முனையையும் காரோடு கட்ட வேண்டுமா என்பதுதான் இந்த விஷயத்தில் தீராத வாதம். பத்தடிக் கயாக்குக்குத் தேவையில்லை, இரண்டு பட்டை போதும் என்று சொல்கிறவர்கள் நிறைய. ஊருக்குள் 50 கிலோமீட்டரில் போகும்வரை அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. நெடுஞ்சாலைக்கு நான் எப்போதும் கட்டுகிறேன். அழுத்திப் பிரேக் போட்டால் 25 கிலோக் கயாக் சுமார் 20 கிலோ விசையுடன் முன்னே பாயப் பார்க்கும். படகின் நடுவைச் சுற்றிய பட்டை, வழுவழுப்பான பிளாஸ்டிக் உடலை முன்பின்னாக நகராமல் தடுக்க உராய்வை மட்டுமே நம்பியிருக்கிறது. முனைக் கயிறு அந்த நகர்வை நேரடியாகத் தடுக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் என் அனுபவத்திலிருந்து வந்தது. கம்பியே கழன்றால், தாங்கியும் பட்டையும் கம்பியோடு சேர்ந்தே போகும். அப்போது காருடன் படகைச் சேர்த்து வைத்திருக்க முன்னும் பின்னும் உள்ள கயிறுகளைத் தவிர வேறெதுவும் இல்லை. அன்று நாங்கள் முன் கயிறு கட்டியிருந்தோம். கவ்வி தளர்ந்தும் படகு காரின் மேலேயே நின்றதற்கு அது ஒன்றுதான் காரணம்.

முன்னால் ஒற்றைக் கயிறாக இல்லாமல், முனையிலிருந்து பம்பரின் இருபுறமும் விரியும் தலைகீழ் ‘வி’ வடிவில் கட்டினால் பக்கக் காற்றையும் அது தடுக்கும். இக்காலக் கார்களில் கட்டுவதற்குக் கொக்கி கிடைப்பதில்லை. பானெட்டைத் திறந்தால் ஓரத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். அதில் மாட்டுவதற்கென்றே பட்டை வளையங்கள் சில டாலருக்குக் கிடைக்கின்றன. பானெட்டை மூடினால் வளையம் மட்டும் வெளியே நிற்கும். படகுப் பக்கத்தில், தூக்கும் கைப்பிடி இரண்டு சிறு திருகாணியில் தொங்குகிறதா, உடலைத் துளைத்துப் போகும் கயிற்றில் தொங்குகிறதா என்று பாருங்கள். முதல் வகையை நம்பாதீர்கள்.

இந்தக் கயிறுகளைப் பட்டையைப் போல இறுக்கவும் கூடாது. முனையைக் கீழே இழுத்தால் படகின் உடல் வில்லாக வளையும். தொய்வில்லாமல் இருந்தால் போதும். ராட்செட் கப்பி பூட்டிய ஆயத்தக் கயிறுகள் விற்கிறார்கள், வேகமாக வேலை முடியும். நான் 6 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறும் முடிச்சும்தான் பயன்படுத்துகிறேன். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழ் வளையத்தில் கொடுத்து, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் எடுத்து இழுத்தால், கப்பி போல இறுகும். மேலே இரண்டு அரைமுடிச்சு. நம் ஊர் லாரிகளில் தார்ப்பாய் கட்டும் அதே முடிச்சு. கட்டுமரம் என்ற சொல்லை உலகம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு கேட்டமரன் ஆக்கியது. அந்தச் சொல்லின் முன்பாதி கட்டுதான். கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களை உலர்த்தி, மறுபடி கட்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கட்டு என்பது ஒருமுறை செய்து மறக்கும் வேலை அல்ல. ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகச் செய்வது.

கயிற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. அவிழ்ந்த முன் கயிறு சக்கரத்துக்கு அடியில் போனால், அது படகையே இழுத்து ஒடித்துவிடும். எனவே நுனி நீளமாகத் தொங்கக்கூடாது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன் கயிறு கண்ணில் தெரிவது நல்லது. அது துடிக்கத் தொடங்கினால் மேலே ஏதோ மாறிவிட்டது என்று முதலில் சொல்வது அதுதான்.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அளவையும் பாருங்கள். ஒண்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 111 ஆம் பிரிவின்படி, சுமை வண்டியின் பின்னால் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீண்டால் அதன் கடைசி முனையில் பகலில் சிவப்புக் கொடியோ சிவப்பு அடையாளமோ வேண்டும். சூரியன் மறைய அரை மணி முன்பிலிருந்து உதித்த பின் அரை மணி வரை சிவப்பு விளக்கு வேண்டும். சுமை கழன்று விழாதபடி கட்டியிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பத்தடிக் கயாக்குக்கு இது பெரும்பாலும் வராது. சிறிய காரில் பதினேழடிக் கடல் கயாக்குக்கு வரும்.

ஆக, நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான். இரண்டு பொழுதுபோக்குக் கயாக், இரண்டு ஆள் என்றால், நல்ல கம்பியும் ஜே தாங்கியும். ஒரே கயாக், பெரும்பாலும் தனியாள் என்றால் சேணம். கடல் கயாக் என்றால், ஒன்றானாலும் இரண்டானாலும், சேணம். தோள் ஒத்துழைக்காதென்றால் பணத்தைச் சேர்த்துத் தூக்கும் தாங்கி. கையில் காசு குறைவாக இருந்தால் கம்பியை மட்டும் நல்லதாக வாங்கி, மெத்தை உறை சுற்றி, கவிழ்த்துக் கட்டுங்கள். மலிவான கம்பியில் விலையுயர்ந்த தாங்கியைப் பூட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு சோதனை. கயாக்கின் முனையைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். படகு தனியாக ஆடினால் பட்டை தளர்வு. படகும் தாங்கியும் சேர்ந்து ஆடினால் தாங்கியின் போல்ட். எல்லாம் சேர்ந்து கூரையில் நகர்ந்தால் கம்பியின் கவ்வி. கார் முழுவதும் சக்கரத்தின்மேல் அசைந்தால்தான் சரி. முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பட்டை படிந்து உட்காரும் தூரம் அதுதான். அதன்பின் பெட்ரோலுக்கோ காபிக்கோ நிற்கும்போதெல்லாம்.

அல்கான்குவினில் கனூ ஏரிக் கரையில் இறக்கும்போது முனைக் கயிறுகளை முதலில் அவிழ்க்கிறோம், பட்டைகளைக் கடைசியில். இறக்குவதில் எங்களுக்குச் சிரமம் வந்ததில்லை. திரும்பி ஏற்றுவதில்தான் கவனம் வேண்டும். கை துடுப்புப் போட்டுச் சோர்ந்திருக்கும், இருட்டத் தொடங்கியிருக்கும், கொசு கடிக்கும், படகு ஈரமாக வழுக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். அதனால் ஏற்றுவதற்கு முன்பே வடிகால் அடைப்பானைத் திறந்து, படகைச் சாய்த்து, சொட்டு நிற்கும்வரை காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் என் மனைவி காரின் கதவுப் பையிலிருந்து அறுகோணச் சாவியை எடுத்து, நான்கு கவ்விகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்க்கிறார். பாரிக்குப் பக்கத்தில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவர் அவர் என்பதால், அந்த வேலையை என்னிடம் கொடுப்பதில்லை.